கார் எஞ்சினுக்குப் போரிங் போடுறதுக்கு முன்னாடி தண்ணி வழியைப் பாருங்க: வேலூர் பக்கம் எஞ்சின் இறக்கினவங்க அனுபவம்

காட்பாடியிலிருந்து:

பெரியப்பாவோட 1976 பிரீமியர் பத்மினி (பழைய ஃபியட் கார்) எங்க வீட்டுல இருக்கு. வெயில் காலத்துல வண்டி எடுக்கிறதில்லைங்கிறதால சித்திரை பொறந்ததும் எஞ்சினை இறக்கிட்டோம். புகை, ஆயில் குடிக்கிறது, மேடு ஏறினா டெம்பரேச்சர் முள் எகிறுறது, எல்லாமே இருந்துச்சு. பிளாக்கை, அதாவது சிலிண்டருங்க இருக்கிற எஞ்சின் உடம்பைத் தூக்கிட்டு வேலூர்ல லேத் பட்டறை வச்சிருக்கிற பாய்கிட்ட போனோம். சோழவரம் ரன்வேல கார் ரேஸ் நடந்த காலத்துலயே ஃபியட் பிளாக்குக்குப் போரிங் போட்டவர், அதாவது தேய்ஞ்ச சிலிண்டரை உள்பக்கம் கடைஞ்சு பெருசாக்குற வேலை. 1990-ல இருங்காட்டுக்கோட்டை டிராக் வந்த பிறகும் ரேஸ் பசங்க அவரைத் தேடித்தான் வர்றாங்க.

மைக்ரோமீட்டரை அவர் கையிலயே எடுக்கலை. பிளாக் பக்கவாட்டுல இருந்த டம்மி பிளக்கைத் தட்டிக் கழட்டிட்டு, உள்ளே ஹேக்ஸா பிளேடை விட்டுச் சுரண்டினார். வெள்ளையும் துருவும் கலந்து கட்டி கட்டியாப் பெயர்ந்து விழுந்துச்சு. தண்ணி பம்ப் பக்கம் இருக்கிற முதல் சிலிண்டர் பரவாயில்லை. கடைசியில இருக்கிற நாலாவது சிலிண்டரைச் சுத்தித் தண்ணி போக வழியே இல்லை.

"இன்னா தம்பி, இத்தினி வருசமா போர்வெல் தண்ணிதானா?"

ஆமான்னு சொன்னேன். நம்ம பக்கம் போர்வெல் தண்ணி எப்படின்னு எல்லாருக்கும் தெரியும், அண்டா அடியில சுண்ணாம்பு படியும். அதைத்தான் வருசக்கணக்கா ரேடியேட்டர்ல ஊத்தியிருக்காங்க.

"போரிங் நாளைக்கும் போட்டுக்கலாம். இந்த அடைப்போட புது பிஸ்டன் போட்டா அதுவும் இதே சூட்டுலதான் வேகும்"ன்னு சொல்லி பிளாக்கைத் திருப்பி அனுப்பிட்டார். கையில வந்த வேலையைத் திருப்பி அனுப்புற மனுசர் இன்னைக்கு எத்தனை பேர் இருக்காங்க? அவர் மேல எனக்குப் பெரிய மரியாதை.

அவர் சொன்ன வழி இது. கேம் புஷ், பேரிங் எல்லாத்தையும் கழட்டிட்டு, பிளாக் முழுசா முங்குற மாதிரி டிரம்ல தண்ணி நிரப்பி எலுமிச்சை உப்பு கரைச்சு ஊற வைக்கணும். அப்பப்போ வெளியே எடுத்துக் கம்பியால குத்தி விடணும். சுத்தமானதும் சோடா உப்புத் தண்ணியில அலசி, ஈரத்தை ஊதிக் காய வச்சு, கையோட ஆயில் பூசிடணும். அரை மணி நேரம் அப்படியே விட்டாக்கூட துரு ஏறிடும். பத்மினி ஹெட் (பிளாக் மேல மூடி மாதிரி உட்கார்றது) அலுமினியம், அதை இந்த டிரம்ல போடவே கூடாது. எங்க ஹெட்ல தண்ணி ஓட்டைங்களைச் சுத்தி அரிச்சிருந்துச்சு. அதுக்கு வெல்டிங் வச்சு முகத்தைச் சீவ வேண்டியதாப் போச்சு.

அடுத்து அளவு எடுக்கிறது. இதுல பாய் காட்டுற பொறுமை பார்க்கவே அழகா இருக்கும். புது பிஸ்டன், மைக்ரோமீட்டர், பிளாக் மூணையும் ராத்திரியே ஒரே மேஜையில வச்சிட்டு, விடியக்காலையில வந்துதான் அளப்பார். நம்ம ஊர்ல மத்தியானம் 40 டிகிரி தாண்டும். அலுமினியம் வார்ப்பிரும்பை விட ரெண்டு மடங்கு விரியும். ஃபியட்டோட 68 மி.மீ. பிஸ்டன் 15 டிகிரி சூடு ஏறினாலே 0.02 மி.மீ. பெருத்துடும். பிஸ்டனுக்கும் போருக்கும் (சிலிண்டர் ஓட்டைக்கும்) நடுவுல விடுற இடைவெளியே ஒரு மில்லிமீட்டர்ல நூத்துல சில பங்குதான். ஒவ்வொரு சிலிண்டரையும் மேல, நடுவுல, கீழன்னு மூணு இடத்துல, குறுக்கும் நெடுக்குமா அளந்து சாக்பீஸால பிளாக் மேலயே எழுதினார். நாலாவதுதான் எல்லாத்தையும் விட அதிகமா ஓவலாத் தேய்ஞ்சிருந்துச்சு.

இப்போ பேட்டரித் தண்ணியும் கூலன்ட்டும் கலந்துதான் ஊத்துறோம். முள் பாதியைத் தாண்டுறதில்லை.

ராணிப்பேட்டையிலிருந்து:

அண்ணன் சொன்னது ரேஸ் வண்டிக்கும் பொருந்தும். நான் ஓட்டுறது எஸ்டீம், 1298 சிசி. சீசன் முடிஞ்சதும் பசங்க நேரா ஸ்பானரை எடுத்துடுறாங்க. இறக்குறதுக்கு முன்னாடியே எஞ்சின்கிட்ட கேட்டுடுங்க. வால்வெல்லாம் மூடியிருக்கிற கம்ப்ரஷன் நேரத்துல பிஸ்டனை உச்சிக்குக் கொண்டு வந்து, பிளக் ஓட்டை வழியா கம்ப்ரஸர் காத்தை ஏத்துங்க. சைலன்ஸர்ல இஸ்ஸுன்னு வந்தா எக்ஸாஸ்ட் வால்வு, கார்புரேட்டர் பக்கம் வந்தா இன்டேக் வால்வு, ஆயில் ஊத்துற வாய்ல வந்தா பிஸ்டனைச் சுத்தியிருக்கிற ரிங். ரேடியேட்டர்ல குமிழி வந்தா ஹெட்டுக்கும் பிளாக்குக்கும் நடுவுல இருக்கிற கேஸ்கெட் போயிருக்கும், இல்லைன்னா ஹெட் விரிசல்.

என்னோடதுல குமிழிதான் வந்துச்சு. ஹெட்டைக் கழட்டி நேர்பட்டை வச்சுப் பார்த்தா நடுவுல 0.05 மி.மீ. ஃபீலர் (இடைவெளி அளக்குற மெல்லிசு தகடு) தாராளமா நுழையுது. ரிங், பேரிங் எதையும் தொடலை, ஹெட்டை மட்டும் சீவிட்டு வந்தேன்.

ஆற்காட்டிலிருந்து:

அண்ணே, பத்மினிக்கு ரிங் கேப் (ரிங்கோட ரெண்டு முனைக்கும் நடுவுல விடுற இடைவெளி) எவ்வளவு வச்சீங்க? எங்க மெக்கானிக் வந்த பெட்டியிலிருந்து எடுத்து அப்படியே போடச் சொல்றார்.

காட்பாடியிலிருந்து:

அப்படியே போடாதீங்க தம்பி. போர் ஒரு இஞ்சுக்கு நாலு தவ் (ஒரு தவ்னா இஞ்சுல ஆயிரத்துல ஒரு பங்கு)ங்கிறது பாய் கணக்கு. 68 மி.மீ. போருக்கு 0.27 மி.மீ. கிட்ட வரும். ரிங்கை போருக்குள்ள விட்டு, பிஸ்டனைக் கவுத்து மெல்லத் தள்ளுங்க, அப்பத்தான் கோணாம உட்காரும். பிறகு ஃபீலர் விட்டுப் பாருங்க. கேப் கம்மியா இருந்தா ரிங் முனையை மெல்லிசா அரம் போடுங்க. எந்த ரிங்கை எந்த சிலிண்டர்ல அளந்தீங்களோ அதுலயேதான் அது போகணும். ஒவ்வொண்ணையும் நூல் கட்டி நம்பர் எழுதி வச்சிடுங்க.