வீடற்றோருக்கு வீடு: வெற்றியை எதை வைத்து அளப்பது?

குடந்தைக்காரன்:
கும்பகோணம் மாநகராட்சியின் வீடற்றோர் விடுதி உருப்படியாக நடக்கிறதா என்று பார்க்க ஒரே கணக்குப் போதும். நேற்று ராத்திரி எத்தனை பேர் உள்ளே படுத்தார்கள்? பேருந்து நிலையத்திலும் மகாமகக் குளத்துப் பக்கமும் படுப்பவர்கள் குறைந்தார்களா? லட்சம் மக்கள்தொகைக்கு 100 பேர் தங்கும் விடுதி, ஆளுக்கு 50 சதுர அடி என்று மத்திய அரசின் 2013 வழிகாட்டுதலே எண்ணில்தானே பேசியது. மீதியெல்லாம் மேடைப் பேச்சு.

வெண்ணாறு:
அண்ணே, அந்தப் பதிவேட்டை எழுதுவது யார்? விடுதி நடத்துகிறவர்களேதான். ஐப்பசி மழையில் நிரம்பும். சித்திரையில் உள்ளே புழுக்கம் தாங்காமல் எல்லோரும் படித்துறைக் காற்றுக்குப் போய்விடுவார்கள். அப்போது திட்டம் தோற்றுவிட்டதா? ஒரே ஆள் வருடம் முழுக்க வந்து படுத்தால் பதிவேடு அழகாக இருக்கும், அவருக்கு வீடு கிடைத்திருக்காது. நான் கேட்பது வாடகை வீடும், கூடவே பார்த்துக்கொள்ள ஆளும். சென்னை பேனியன் அமைப்பு 2015 முதல் அப்படித்தான் செய்கிறது: சாதாரணத் தெருவில் ஒரு வீடு, அதில் நாலைந்து பேர்.

குடந்தைக்காரன்:
அது மனநலக் காப்பகத்தில் வருடக்கணக்கில் கிடந்தவர்களுக்கு, தம்பி. இங்கே குடியை விடாதவனுக்கும் வீடு கொடுத்துவிட்டு வெற்றி என்று எழுதச் சொல்கிறீர்களா?

மன்னை டீச்சர்:
கனடாவில் இதைச் சோதித்தே பார்த்துவிட்டார்கள். 2009 முதல் 2013 வரை ஐந்து நகரங்களில், மனநோயுள்ள வீடற்றவர்கள் சுமார் 2000 பேர். குலுக்கல் போலப் பிரித்து, ஒரு தரப்புக்கு நிபந்தனை இல்லாமல் முதலில் வீடு. மற்றவர்களுக்கு வழக்கமான உதவி. கடைசி ஆறு மாதமும் முழுக்க வீட்டிலேயே இருந்தவர்கள் முதல் தரப்பில் 62 சதவீதம், மற்றதில் 31. ஆனால் போதைப் பழக்கம் இரு தரப்பிலும் கிட்டத்தட்ட ஒரே அளவில்தான் குறைந்தது. குடியை நிறுத்துவதுதான் வெற்றி என்றால் வீடு தோற்றது. தெருவில் கிடக்காமல் இருப்பது வெற்றி என்றால் ஜெயித்தது. இரண்டையும் ஒரே மார்க்கில் போட்டுக் கூட்டாதீர்கள்.

வெண்ணாறு:
மார்க் போடுகிற லட்சணத்தையும் சொல்கிறேன் டீச்சர். எங்கள் பக்கம் ஒரு பாட்டிக்கு இப்படி ஒரு அறை கிடைத்தது. சாவியை முந்தானையில் முடிந்துகொண்டு, காலையில் தானே ரசம் வைத்து இறக்கிவிட்டு, மத்தியானம் கோயில் அன்னதானத்துக்குப் போவார். பத்து வருடப் பழக்கம், சிநேகிதிகள் எல்லாம் அந்த வரிசையில்தான். பார்வையிட வந்தவர் 'உணவுக்குப் பிறரைச் சார்ந்துள்ளார்' என்று எழுதிவிட்டுப் போனார்.

குடந்தைக்காரன்:
சரி, பாட்டி நன்றாக இருக்கட்டும். பணம் கொடுப்பவர் கேட்கும் படிவத்தில் இதை எந்தக் கட்டத்தில் நிரப்புவது?

மன்னை டீச்சர்:
ஒரு வருடம் கழித்து அதே கூரையின் கீழ் இருக்கிறாரா என்பது ஒரு கட்டம். போனவர் எங்கே போனார் என்பது இன்னொன்று. மகள் வீட்டுக்குப் போனவரையும் ஆஸ்பத்திரிக்குப் போனவரையும் மறுபடி படித்துறைக்கே போனவரையும் 'வெளியேறியவர்' என்று ஒரே கட்டத்தில் அடைக்கிறார்களே, அதை முதலில் பிரிக்கலாம்.

குடந்தைக்காரன்:
பிரிக்கலாம். போனவரைத் தேடிப் போகிற ஆளுக்குச் சம்பளம் எந்தத் தலைப்பில் போடுவது, அதையும் சொல்லுங்கள் டீச்சர்.