புதுப்பிப்பு: மதுரையிலிருந்து ஒரே நாளில் எத்தனை ஊர்?

திண்டுக்கல், காரைக்குடி, ராமேசுவரம் மூன்றையும் ஒரே நாளில் பார்த்துவிடலாமா என்று கேட்டிருந்தேன் அல்லவா? போய்வந்தாயிற்று.

ராமேசுவரத்தைக் கழற்றிவிட்டோம். போகவே சுமார் 170 கிலோமீட்டர். தீர்த்தமாடாமல் திரும்ப அத்தை ஒப்பவில்லை. திண்டுக்கல் வேறு திசை, அதுவும் போயிற்று. மிச்சம் காரைக்குடிப் பக்கம் மட்டும்.

மாட்டுத்தாவணியில் விடியற்காலையிலேயே பஸ் ஏறி, மேலூர், திருப்பத்தூர் வழியாகப் பிள்ளையார்பட்டி. நண்பகலில் நடை சாத்தினால் மாலையில்தான் திறப்பார்கள். கோயிலை முதலில் வைக்கச் சொன்ன அண்ணன் வாழ்க!

நடை சாத்தும் வேளைக்கு, தரைக்கல் செய்யும் ஊரான ஆத்தங்குடிக்குப் போய்விட்டோம். கண்ணாடித் தகட்டின்மேல் அச்சை வைத்து, கட்டம் கட்டமாக வண்ணச் சிமெண்டுக் குழம்பை ஊற்றுகிறார்கள். அச்சைத் தூக்கினால் கோடு கலையாமல் நிற்கிறது. மேலே மணலும் சிமெண்டும் போட்டு அழுத்தி, பிறகு தண்ணீரில் ஊறவைக்கிறார்கள். சூளை கிடையாது, கண்ணாடியின் வழவழப்புதான் தரைக்கல்லின் பளபளப்பு. அத்தையை அங்கிருந்து கிளப்புவதே பெரும்பாடாகிவிட்டது.

கானாடுகாத்தானில் செட்டிநாட்டுப் பெரிய வீடுகளைத் தெருவில் நின்று பார்த்ததோடு சரி. திருமயம் கோட்டைக்கு மகன் பிடித்த அடம் பலிக்கவில்லை. அதைப் புதுக்கோட்டையோடு சேர்த்து இன்னொரு நாள் வைத்துக்கொள்ளலாம் என்றிருக்கிறோம். அந்தப் பக்கம் பஸ்ஸில் போய்வந்தவர்கள் நேரம் சொன்னால் உதவியாக இருக்கும்.