செய்தித்தாள் சுற்றிய புட்டி: இந்த வெள்ளை ஒயின் எது?

மூடியபுட்டி (சிட்னி):

சென்ற சனிக்கிழமை நண்பர் ஒருவர் வீட்டில் விருந்து. ஒரு புட்டியைக் கழுத்துவரை செய்தித்தாளில் சுற்றிக் கொண்டுவந்து வைத்தார். "வெள்ளை ஒயின். திராட்சை எது, ஊர் எது, சொல்லுங்கள்" என்றார். மேசையில் ஆறு பேர் இருந்தோம், ஆறு பேரும் தவறினோம். விடை எனக்கு இப்போது தெரியும். உங்களுக்குக் குறிப்புகளை மட்டும் தருகிறேன்.

நிறம் வைக்கோல் மஞ்சளைத் தாண்டிப் பொன்னிறத்தைத் தொடுகிறது. கோப்பையைச் சாய்த்தால் ஓரத்தில் மெல்லிய பச்சை. முகர்ந்தால் முதலில் வருவது வெண்ணெய் தடவிக் கல்லில் வாட்டிய ரொட்டி. அடுத்து நார்த்தங்காய்த் தோல், கொஞ்சம் தேன். எல்லாவற்றுக்கும் அடியில், மெழுகுவத்தியை ஊதி அணைத்ததும் எழுமே, அதுபோல ஒன்று. வாயில் இனிப்பு துளியும் இல்லை. புளிப்பு பல்லைக் கூச வைக்கிறது. ஆனால் கனமே இல்லாத ஒயின், விழுங்கியபின் தொண்டையில் சூடும் இல்லை. நண்பர் தந்த துப்புகள் இரண்டு: ஆல்கஹால் 11 சதவீதம், விளைந்தது குளிர்ப் பிரதேசம் அல்ல.

பீப்பாய்:

வாட்டிய ரொட்டி என்றாலே ஓக் மரப் பீப்பாய்தான். உட்புறத்தை நெருப்பில் காட்டிய பீப்பாயில் கிடந்த ஒயினுக்குத்தான் அந்த மணம் வரும். வெண்ணெயும் சேர்ந்திருக்கிறது. ஷார்டனே திராட்சை. குளிர்ப் பிரதேசம் இல்லை என்பதால் பிரான்சின் குளிர்ப் பகுதியான பர்கண்டியை விட்டுவிட்டுக் கலிஃபோர்னியா என்கிறேன்.

மோசல்கரை (ஜெர்மனி):

ரீஸ்லிங். அணைத்த மெழுகுவத்தி என்று எழுதியிருக்கிறாரே, அதைக் கவனிக்காமல் ரொட்டியின் பின்னால் ஓடுகிறீர்கள். முதிர்ந்த ரீஸ்லிங்கில் வரும் ஒரு மணத்தை இங்கே பெட்ரோல் மணம் என்பார்கள். ஜெர்மன் மொழியில் பெட்ரோலியம் என்றால் விளக்குக்கு ஊற்றும் மண்ணெண்ணெய். வண்டிக்குப் போடும் பெட்ரோலை நினைத்து முகர்ந்தால் ஆயுளுக்கும் பிடிபடாது. சிறுவயதில் எங்கள் வீட்டில் திரி அடுப்பு இருந்தது. அம்மா அதை அணைத்ததும் நீலப்புகை ஒரு கணம் நின்று கலையும். அந்தக் கணத்தின் மணம்தான் இது. பத்து வயது ரீஸ்லிங் ஒன்றை முதன்முதலாக முகர்ந்தபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது.

காரணம் டிடிஎன் என்னும் சேர்மம். திராட்சையில் உள்ள கரோட்டினாய்டுகள் சிதைந்து, புட்டிக்குள் ஆண்டுக்கணக்கில் மெல்ல உருவாகிறது. பழத்தில் வெயில் அதிகம் பட்டால் இதுவும் அதிகம். ஆகவே நண்பரின் இரண்டாவது துப்பும் பொருந்துகிறது. தெற்கு ஆஸ்திரேலியாவின் கிளேர் பள்ளத்தாக்கு அல்லது ஈடன் பள்ளத்தாக்கு. அங்கத்திய ரீஸ்லிங், பத்து ஆண்டு போனால், ஓக் பீப்பாயின் வாசலையே மிதிக்காமல் எலுமிச்சையும் வாட்டிய ரொட்டியுமாக மாறும். பீப்பாய் அவர்கள் மன்னிக்க வேண்டும்.

நாசிக்தோட்டம் (புனே):

மோசல்கரை ஐயா, கடைசியாகச் சொன்ன மணத்தைப் பிடித்துக்கொண்டு தேனை விட்டுவிட்டீர்கள். நான் ஒரு விடுதியில் ஒயின் பரிமாறும் பணியில் இருக்கிறேன். நாசிக்கில் விளைந்த ஷெனின் பிளாங்கை அநேகமாக நாள்தோறும் ஊற்றுகிறேன். வெயில் கொளுத்தும் ஊரிலும் புளிப்பை விட்டுக்கொடுக்காத திராட்சை அது. நாசிக் ஒயின் இளமையிலேயே குடித்து முடிக்க வேண்டியது, இந்தப் புட்டி அதுவாக இருக்காது. ஆனால் பிரான்சின் லுவார் ஆற்றங்கரையில், வூவ்ரேயிலும் சாவென்யேரிலும், இதே ஷெனின் பல பத்தாண்டுகள் நிற்கும். முதிர்ந்தால் தேன், மெழுகு, ஈரக் கம்பளி. குளிர்ப் பிரதேசம் அல்ல என்றால் தென்னாப்பிரிக்கா. அங்கே ஸ்டீன் என்ற பெயரில் நெடுங்காலமாக வளர்க்கிறார்கள். அந்த நாட்டில் மிக அதிகமாகப் பயிராகும் ஒயின் திராட்சையும் அதுவே. என் விடை தென்னாப்பிரிக்க ஷெனின், பழைய கொடி.

நுனிநாக்கு (லண்டன்):

மூவரும் மூக்கால் தேடுகிறீர்கள். மணம் நினைவைக் கிளறும், ஆனால் சாட்சி சொல்லாது. மோசல்கரை ஐயாவுக்கு அம்மாவின் அடுப்பு, நாசிக்தோட்டம் அவர்களுக்கு நாள்தோறும் ஊற்றும் ஷெனின். மெழுகுவத்தி என்ற ஒரே சொல் ஒருவருக்கு மண்ணெண்ணெயாகவும் இன்னொருவருக்குக் கம்பளியாகவும் ஆகிவிட்டது.

மாஸ்டர் ஆஃப் ஒயின் தேர்வில் லேபிள் மறைத்துச் சுவைக்க மூன்று தாள்கள், ஒவ்வொன்றிலும் 12 ஒயின்கள். அதற்குப் படிக்கும் எனக்கு முதலில் சொல்லிக்கொடுத்தது, எலும்புக்கூட்டைப் பார் என்பதுதான். புளிப்பு எவ்வளவு, ஆல்கஹால் எவ்வளவு, கனம் எவ்வளவு, இனிப்பு உண்டா. புளிப்பை அளக்க, ஒரு வாய் கொப்பளித்துத் துப்பிவிட்டு, வாயை மூடித் தலையைக் கீழே குனிந்து எண்ணுங்கள். கீழ்ப்பல் வரிசைக்குப் பின்னால் எச்சில் எவ்வளவு வேகமாகக் குளம் கட்டுகிறது, எத்தனை எண்ணும்வரை ஊறிக்கொண்டே இருக்கிறது? இதற்கு அகராதி வேண்டாம், பால்யகால நினைவும் வேண்டாம்.

இப்போது எலும்புக்கூட்டைப் பாருங்கள். வெயில் ஊர், ஆனால் ஆல்கஹால் 11, இனிப்பு இல்லை, புளிப்பு மிக அதிகம். வெயில் ஊரில் பழம் இனித்துப் பழுத்தால் ஆல்கஹால் 13, 14 என்று ஏறும். 11இல் நிற்கிறது என்றால் பழுக்கும் முன்பே பறித்திருக்கிறார்கள். ஏன் பறித்தார்கள் என்பதுதான் புதிர். கலிஃபோர்னிய ஷார்டனே 11இல் நிற்பது அபூர்வம். கிளேர் ரீஸ்லிங் பெரும்பாலும் 12, 12.5. தென்னாப்பிரிக்காவின் பழைய கொடி ஷெனின் 13ஐத் தொடும். மிஞ்சுவது ஒன்று: சிட்னிக்கு வடக்கே, ஹன்டர் பள்ளத்தாக்கின் செமியோன்.

அங்கே கோடை மழை பிப்ரவரியில் வந்து பழத்தை அழுகச் செய்துவிடும். அதற்கு அஞ்சி ஜனவரி கடைசியிலிருந்தே பறிக்கத் தொடங்குகிறார்கள். எவர்சில்வர் தொட்டியில் நொதிக்கவைத்து, பீப்பாயில் போடாமல், சில மாதங்களிலேயே புட்டியில் அடைக்கிறார்கள். இளமையில் தண்ணீர்போல நிறமற்று, எலுமிச்சைச் சாறுபோல வெடுக்கென்று இருக்கும். பத்து ஆண்டு கழித்துத் திறந்தால் பொன்னிறம், தேன், வாட்டிய ரொட்டி. முதன்முதலில் குடிப்பவர் எவரும் பீப்பாய் என்றுதான் சத்தியம் செய்வார்.

பீப்பாய்:

ஓக் இல்லாமல் அந்த மணம் வரும் என்பது எனக்குப் புதிது. ஓக் தரும் வெனிலா, கிராம்பு மணங்கள் இருந்தனவா என்று நான் முதலில் கேட்டிருக்க வேண்டும். என் விடையைத் திரும்பப் பெறுகிறேன்.

மோசல்கரை:

தம்பி நுனிநாக்கு, தர்க்கம் அழகு. ஆனால் லேபிளில் அச்சிட்ட எண்ணை வேதவாக்காக எடுத்துக்கொள்கிறீர்கள். இங்கே ஐரோப்பாவில் அரை சதவீத விலகலுக்குச் சட்டமே இடம் தருகிறது. 11 என்று போட்டது 11.5ஆகவும் இருக்கலாம். உங்கள் வாதம் முழுவதும் அந்த எண்ணில் தொங்குகிறது. அதை மறைத்துவிட்டால் கிளேர் ரீஸ்லிங்கையும் ஹன்டர் செமியோனையும் நீங்கள் எப்படிப் பிரிப்பீர்கள்? இரண்டிலும் எலுமிச்சை, இரண்டிலும் ரொட்டி, இரண்டிலும் புளிப்பு, இரண்டிலும் பீப்பாய் இல்லை. மூக்குதான் பிரிக்க வேண்டும். மூடியபுட்டி, நேரடியாகக் கேட்கிறேன்: மண்ணெண்ணெயா, மெழுகா?

மூடியபுட்டி:

நண்பர் மீதியை எனக்குக் கொடுத்தனுப்பியிருந்தார், கால் புட்டி குளிர்பெட்டியில் இருக்கிறது. இப்போதுதான் மறுபடி முகர்ந்தேன். மெழுகு. மண்ணெண்ணெய் இல்லை.

கேள்விக்குறி:

இந்தச் சாட்சியை ஏற்க முடியாது. மூடியபுட்டிக்கு விடை தெரியும். தெரிந்த மூக்கு தெரிந்ததைத்தான் முகரும். பிரான்சில் பிரெடெரிக் புரோஷேயும் அவருடன் இருந்தவர்களும் 2001இல் வெளியிட்ட ஆய்வு இதைத்தான் காட்டியது. போர்தோவில் ஒயின் படிக்கும் மாணவர்கள் 54 பேருக்கு, வெள்ளை ஒயினில் மணமற்ற சிவப்புச் சாயம் கலந்து கொடுத்தார்கள். சிவப்பு ஒயினுக்குச் சொல்லும் மணங்களையே மாணவர்கள் எழுதினார்கள். கண் சொன்னதை மூக்கு எழுதியது.

இன்னொன்று. ஆஸ்திரேலியாவில் பல தோட்டக்காரர்கள் ஸ்பெயினின் அல்பரீன்யோ என்று நம்பி ஒரு திராட்சையை நட்டு, ஒயின் செய்து, அந்தப் பெயரிலேயே விற்றார்கள். 2009இல் மரபணுச் சோதனை அது சவான்யன் என்னும் வேறு திராட்சை என்று சொன்னது. பயிர் செய்தவர்கள், விற்றவர்கள், வாங்கிக் குடித்தவர்கள் என்று இத்தனை நாக்குகளைத் தாண்டி அது நடந்தது. சுவையை வைத்துத் திராட்சையின் பெயர் சொல்லலாம் என்கிற உறுதி உங்களுக்கு எங்கிருந்து வருகிறது?

நுனிநாக்கு:

முதல் ஆட்சேபம் சரி. மூடியபுட்டியின் இன்றைய மூக்கை நானும் கணக்கில் எடுக்கமாட்டேன், அது எனக்குச் சாதகமாக இருந்தாலும்.

ஆனால் புரோஷேயின் ஆய்வு என் பக்கம்தான் நிற்கிறது. அவர் பார்த்தது மணத்துக்குச் சொல்லும் சொற்களை. அந்தச் சொற்கள் ஏமாறும் என்றுதானே நானும் தொடக்கத்திலிருந்து சொல்கிறேன்? சாயம் போட்டதால் எச்சில் ஊறுவது குறைந்ததாக அந்த ஆய்வு சொல்லவில்லை. அல்பரீன்யோ விஷயத்தில் உங்களுக்கு மறுமொழி சொல்ல என்னிடம் ஒன்றுமில்லை. அந்த இரண்டு திராட்சைகளும் எலும்புக்கூட்டிலும் நெருங்கியவை. அங்கே நாக்கு தோற்றது உண்மை.

மூடியபுட்டி:

கேள்விக்குறி சொன்னது மனத்தில் தைத்தது. விடை தெரியாத மூக்கு என் வீட்டிலேயே இன்னொன்று இருக்கிறது. என் மனைவி அன்று விருந்துக்கு வரவில்லை. புட்டியைக் காட்டாமல் கோப்பையை மட்டும் நீட்டினேன். கண்ணை மூடி இரண்டு தடவை முகர்ந்தார். "யாழ்ப்பாணத்தில் அம்மம்மாவின் பெட்டகத்தைத் திறந்தால் வரும் கம்பளிப் போர்வை வாசனை" என்றார். மண்ணெண்ணெயா என்று கேட்டேன். இல்லை என்றார்.

நாசிக்தோட்டம்:

கம்பளி! நான் முதலிலேயே எழுதியது அதைத்தான். சகோதரிக்கு என் நன்றி. ஈரக் கம்பளி என்றால் உலகில் எந்த ஒயின் பாடத்திலும் முதலில் வரும் பெயர் ஷெனின்.

நுனிநாக்கு:

செமியோனும் அந்த வரிசையில் உண்டு. ஆட்டு ரோமத்தின் மெழுகு என்று அதற்கு எழுதுவார்கள். இரண்டும் ஒரே இடத்தில் மோதுகின்றன. அதனால்தான் 11 என்ற எண்ணை நான் கைவிடமாட்டேன். அரை சதவீதம் கூட்டி 11.5 என்றே வைத்துக்கொள்ளுங்கள், மோசல்கரை ஐயா. அப்போதும் வெயில் ஊரில் இவ்வளவு சீக்கிரம் பறிக்க என்ன கட்டாயம் என்ற கேள்வி அப்படியே நிற்கிறது. கிளேரில் கோடை வறண்டது, அவர்கள் காத்திருக்கலாம். மழை துரத்துகிற ஊரில்தான் 11இல் பறிப்பார்கள்.

மூடியபுட்டி:

இதற்குமேல் மறைப்பது நியாயமில்லை. ஹன்டர் பள்ளத்தாக்கு செமியோன், 2013ஆம் ஆண்டு அறுவடை. நுனிநாக்குக்கு வாழ்த்துகள்.

அன்று மேசையில் நான் சொன்ன விடை, கிளேர் ரீஸ்லிங். மோசல்கரை ஐயா சொன்ன அதே விடை, அதே காரணம். நாங்கள் தனியாக இல்லை என்பதை அன்றுதான் நண்பர் சொன்னார்: முன்பு இதே செமியோனை இந்த ஊர்க்காரர்களே ஹன்டர் ரிவர் ரீஸ்லிங் என்று லேபிள் ஒட்டி விற்றிருக்கிறார்கள்.

மோசல்கரை:

அந்த லேபிளை எனக்கு ஆறுதலாகக் காட்ட வேண்டாம். ரீஸ்லிங் என்றால் விலைபோகும் என்று ஒட்டிய பெயராக இருக்கலாம் அது. அதற்கும் சுவைக்கும் சம்பந்தம் இருக்க வேண்டியதில்லை. தோற்றதை ஏற்கிறேன். மெழுகுவத்தி என்ற சொல்லைப் பார்த்த கணத்தில் மற்ற எல்லாவற்றையும் மூடிவிட்டேன், 11ஐயும் சேர்த்து.

ஆனால் ஒரு விஷயத்தில் அசையமாட்டேன். நுனிநாக்கு வென்றது நண்பர் சொன்ன எண்ணால்தான். ஒரே வயதுள்ள கிளேர் ரீஸ்லிங்கையும் ஹன்டர் செமியோனையும் அருகருகே ஊற்றி, எண்ணும் சொல்லாமல், ஊரும் சொல்லாமல் கொடுங்கள். எச்சிலை எண்ணிக்கொண்டிருப்பவரைவிட மண்ணெண்ணெயை அறிந்தவர் முந்துவார்.

நுனிநாக்கு:

கிறிஸ்துமஸ் விடுமுறைக்குச் சிட்னி வருகிறேன். மூடியபுட்டி இரண்டு புட்டிகளையும் வாங்கி வைக்கட்டும், அவர் மனைவி ஊற்றட்டும். யார் ஊற்றினாலும் ஊற்றியபின் அவர் அறையில் இருக்கக் கூடாது, முகமே விடையைச் சொல்லிவிடும்.

கேள்விக்குறி:

ஒரே ஒரு தடவை ஊற்றினால் கண்ணை மூடிச் சொன்னாலும் பாதி வாய்ப்பு. இரண்டையும் கலைத்துக் குறைந்தது பத்துக் கோப்பைகளாவது ஊற்றுங்கள். நானும் மெல்போர்னிலிருந்து வருகிறேன், கணக்கு எழுத.

மோசல்கரை:

எனக்கு அவ்வளவு தூரம் பயணம் முடியாது, காணொளியில் பார்த்துக்கொள்கிறேன். இரண்டையும் ஒரே வெப்பநிலையில் வையுங்கள், 12 டிகிரி. குளிர்பெட்டியிலிருந்து எடுத்த கையோடு ஊற்றிவிடாதீர்கள். அந்தக் குளிரில் மண்ணெண்ணெயும் வராது, மெழுகும் வராது.