அதிகாலை 2.10க்கு கொச்சியிலிருந்து லாகின், ஆர்டர் ஃபார்மும் வேலை செய்யவில்லை. ஹேக் ஆகிவிட்டதா?

ஏலக்கடை அக்கா:
வணக்கம். குமுளியில் ஏலக்காய், மிளகு விற்கும் சின்னக் கடை எங்களுடையது, வீடு கீழே கம்பத்தில். வேர்ட்பிரஸ்ஸில் ஒரு வெப்சைட் இருக்கிறது. வெளியூர்க்காரர்கள் அதில் உள்ள ஃபார்மில் எழுதிப் போட்டால் எனக்கு மெயில் வரும், பார்சல் போடுவோம், அவ்வளவுதான்.

பத்து நாளைக்கு முன்னால் ஒரு செக்யூரிட்டி பிளகின் (சைட்டோடு சேர்க்கும் துணை நிரல்) போட்டேன். போட்ட அன்றைக்கே வயிறு கலங்கிவிட்டது. 'அட்மின்' என்ற பெயரிலும் என் ஐடியிலும் ஒரே நாளில் நானூற்றுச் சொச்சம் தவறான லாகின், பெயர்கூடக் கேட்டிராத ஊர்களிலிருந்தெல்லாம். பயத்தில் அந்தப் பிளகினில் இருந்த எல்லா சுவிட்சையும் ஆன் செய்துவிட்டேன். அதிலிருந்து ஆர்டர் மெயில் ஒன்றுகூட வரவில்லை. திருப்பூர் வாடிக்கையாளர் ஒருவர் போன் செய்து, அனுப்பு பட்டனை அழுத்தினால் சக்கரம் சுற்றிக்கொண்டே இருக்கிறது என்கிறார். என் லேப்டாப்பில் போட்டுப் பார்த்தால் உடனே போகிறது!

இது போதாதென்று நேற்றைய லிஸ்டில் பச்சை நிறத்தில் ஒரு வரி. தம்பியின் ஐடி, லாகின் வெற்றி, கொச்சி, அதிகாலை 2.10. அந்த நேரத்தில் அவன் பக்கத்து அறையில் குறட்டை விட்டுக்கொண்டிருந்தான். சைட்டையே அழித்துவிட்டுப் புதிதாகப் போட்டுவிடலாமா?

புளியரை பையன்:
லாகின் பக்கத்தின் முகவரியை மாற்றுங்கள் அக்கா, எல்லாம் நின்றுவிடும். நான் மாற்றி ஒரு வருஷம் ஆகிறது, ஈ காக்கை இல்லை.

வாளையார் சர்வர்காரன்:
எதையும் அழிக்காதீர்கள். நானூறு முயற்சி என்பது ஒன்றுமே இல்லை. அதைச் செய்வது மனிதர்கள் இல்லை, கண்ணில் பட்ட வேர்ட்பிரஸ் சைட்டின் கதவையெல்லாம் தட்டிக்கொண்டே போகும் நிரல்கள். உங்கள் கடை ஏலக்காய்க் கடையா இரும்புக் கடையா என்றுகூட அவற்றுக்குத் தெரியாது. தவறான லாகினைக் காட்டும் சிவப்பு வரிகளை எண்ணி ராத்திரித் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம், பச்சை வரி ஒவ்வொன்றுக்கும் ஆள் யார் என்று தெரிந்தால் போதும்.

அந்தப் பச்சை வரியைப் பார்ப்போம். செட்டிங்ஸ், ஜெனரல் பக்கத்தில் டைம்சோன் என்ன இருக்கிறது? நீங்கள் தொடவே இல்லையென்றால் யுடிசி, அதாவது உலகப் பொது நேரம் என்றுதான் இருக்கும். நம் நேரம் அதைவிட ஐந்தரை மணி நேரம் முன்னால். அப்படியானால் 2.10 என்பது காலை 7.40. அந்த நேரத்தில் தம்பி எங்கே இருந்தான்?

அப்புறம் கொச்சி. ஐபிக்கு, அதாவது இணைய இணைப்பின் முகவரி எண்ணுக்குப் பக்கத்தில் காட்டும் ஊர் ஆள் உட்கார்ந்திருக்கும் ஊர் இல்லை, இணைய இணைப்பு கொடுப்பவரின் ஐபி எந்த ஊர்க் கணக்கில் பதிவாகியிருக்கிறதோ அந்த ஊர். எல்லையில் இருக்கிற நமக்கு இது தினப்படிக் கூத்து. என் போன் தமிழ்நாட்டு டவரைப் பிடித்தால் ஒரு ஊர், கேரள டவருக்குத் தாவினால் இன்னொரு ஊர், நான் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவே மாட்டேன். கடை வைஃபையில் இருந்துகொண்டு உங்கள் ஐபி எண்ணைப் பார்த்து லிஸ்டில் உள்ளதோடு ஒப்பிடுங்கள். கடைசி எண்கள் மாறலாம், முன்பாதி ஒத்துப்போனால் பெரும்பாலும் உங்கள் இணைப்புதான்.

ஃபார்ம் விஷயம் நீங்களே போட்ட பூட்டு என்று நினைக்கிறேன். ஆன் செய்த சுவிட்சுகளில் 'ரெஸ்ட் ஏபிஐயை முடக்கு' என்று ஒன்று இருக்கிறதா? ரெஸ்ட் ஏபிஐ என்பது நிரல்கள் சைட்டோடு தகவல் பரிமாறும் வழி. ஐடி பெயர்களை அந்த வழியாக வெளியாட்கள் எடுத்துவிடுவார்கள் என்பதால் அதை வைத்திருப்பார்கள், காரணம் நியாயமானதுதான். ஆனால் ஃபார்ம் பிளகின்கள் பலவும் வாடிக்கையாளர் எழுதியதை அதே வழியாகத்தான் உள்ளே அனுப்புகின்றன. பொதுவாக இந்தப் பூட்டு லாகின் செய்தவரை மட்டும் விட்டுவிடும், அதனால்தான் உங்களுக்குப் போகிறது, திருப்பூருக்குப் போகவில்லை. உங்கள் லாகின் ஒட்டாத இன்காக்னிட்டோ ஜன்னலில் சைட்டைத் திறந்து, எஃப்12 அழுத்தி, நெட்வொர்க் பகுதியைப் பார்த்துக்கொண்டே ஃபார்மை அனுப்புங்கள். 401 அல்லது 403 (அனுமதி இல்லை என்று பொருள்) என்று சிவப்பில் ஒரு வரி வந்தால் ஆள் அகப்பட்டான்.

போடி மிளகு:
புளியரைத் தம்பி, முகவரியை மாற்றினால் சத்தம் குறையும், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் எக்ஸ்எம்எல்-ஆர்பிசி என்ற பின்வாசல் திறந்திருந்தால் அந்த வழியாகவும் பாஸ்வேர்டைப் போட்டுப் பார்க்கலாம். போனில் வேர்ட்பிரஸ் ஆப் பயன்படுத்தாவிட்டால் அதை மூடிவிடுங்கள் அக்கா. அட்மின் ஐடிகளுக்கு ஓடிபி கேட்கும்படி செய்யுங்கள், அதற்கு ஈடாக எதுவும் இல்லை.

சுவிட்சுகளை ஒவ்வொன்றாக ஆஃப் செய்யுங்கள், ஒன்றுக்கு ஒருமுறை ஃபார்மைச் சோதியுங்கள். எல்லாவற்றையும் ஒரேயடியாக மாற்றினால் எது காரணம் என்று கடைசிவரை தெரியாது. வேறு பிளகின்மேல் சந்தேகம் வந்தால் ஹெல்த் செக் பிளகினில் டிரபிள்ஷூட்டிங் மோட் இருக்கிறது. அதில் பிளகின்கள் உங்கள் கண்ணுக்கு மட்டும்தான் அணைந்திருக்கும், வாடிக்கையாளருக்குக் கடை திறந்தே இருக்கும். தப்பித்தவறி உங்களையே பூட்டிக்கொண்டால் ஹோஸ்டிங் ஃபைல் மேனேஜரில் அந்தப் பிளகினின் ஃபோல்டர் பெயரை மாற்றுங்கள், அது செயலிழந்து வழி விட்டுவிடும். நான் இரண்டு முறை மாட்டியிருக்கிறேன், அதில் ஒன்று ஓணத்துக்கு முந்தின நாள்.

இன்னொன்று. யூசர்ஸ் பக்கத்தைத் திறந்து அட்மினிஸ்ட்ரேட்டர் எத்தனை பேர் என்று எண்ணிப் பாருங்கள்.

ஏலக்கடை அக்கா:
டைம்சோன் யுடிசிதான்! நேற்று காலை தம்பி முதல் பஸ்ஸில் மேலே வந்து கடை திறந்தானாம், ஏலக்காய் விலை மாற்ற லாகின் செய்தானாம். ஐபியும் கடை வைஃபையோடு ஒத்துப்போகிறது. ராத்திரி முழுக்க அவனைத் திட்டியிருக்கிறேன்.

ஃபார்மில் 401 வந்தது. அந்த ஒரு சுவிட்சை ஆஃப் செய்ததும் இன்காக்னிட்டோவில் போகிறது, திருப்பூருக்கும் சொல்லிவிட்டேன்.

ஆனால் போடி அண்ணன் சொன்னபடி எண்ணினால் அட்மின் மூன்று பேர். நான், தம்பி, இன்னொன்று மூன்று வருஷத்துக்கு முன்னால் சைட் போட்டுக்கொடுத்தவரின் ஐடி. வேலை முடிந்த நாளிலிருந்து நானும் அவரும் பேசியதே இல்லை. அழித்துவிடலாமா?

வாளையார் சர்வர்காரன்:
அழிக்கலாம், அழிக்கத்தான் வேண்டும். அழிக்கும்போது இவர் எழுதிய பக்கங்களை என்ன செய்வது என்று கேட்கும். டெலீட்டைத் தொட்டுவிடாதீர்கள், உங்கள் பெயருக்கு மாற்றும் வழியைத் தேர்ந்தெடுங்கள், இல்லாவிட்டால் முகப்புப் பக்கமே போய்விடலாம். நீங்களும் தம்பியும் பாஸ்வேர்டை மாற்றுங்கள், புரொஃபைலில் மற்ற இடங்களிலிருந்து லாக் அவுட் செய்யும் பட்டனையும் அழுத்துங்கள்.

ஏலக்கடை அக்கா:
முடிந்தது. அவர் பெயரில் பதினோரு பக்கம் இருந்தது, முகப்பும் அதில் ஒன்று! எல்லாம் இப்போது என் பெயரில். தம்பி ஓடிபி போடும்போது மட்டும் முணுமுணுக்கிறான்.