ஆள் மாறிப் பிடித்தார்கள்: உங்களுக்கும் நடந்ததுண்டா?

தாமிரபரணிக்கரை எழுதியது:

‘லக்கி நம்பர் ஸ்லெவின்’ படத்தை இனிமேல்தான் பார்க்கப் போகிறீர்கள் என்றால், பார்த்துவிட்டு வந்து இதைப் படியுங்கள். முடிவைச் சொல்லாமல் என் கதையைச் சொல்ல எனக்கு வழி தெரியவில்லை.

2009ஆம் வருஷம். படிப்பை முடித்துவிட்டு வேலை தேடிக்கொண்டிருந்தேன். திருநெல்வேலி வண்ணார்பேட்டையில் நண்பன் ஒருவன் மாடி அறையில் வாடகைக்கு இருந்தான். “மெட்ராசுக்குப் போறேன், வர ஒரு வாரம் ஆகும், நீ வந்து தங்கிக்கோ” என்று சாவியைக் கொடுத்தான். களக்காட்டிலிருந்து துணிப்பையோடு வந்து இறங்கினேன். மூன்றாம் நாள் காலை குளித்துவிட்டு இடுப்பில் துண்டோடு நிற்கிறேன், கதவைத் தட்டுகிறார்கள். இரண்டு பேர். ஒருவருக்கு ஐம்பது வயதிருக்கும், இன்னொருவன் என் வயசுக்காரன்.

“என்னடே, போன எடுக்க மாட்டியோ?”

“அண்ணாச்சி, நான் அவன் இல்ல. அவன் கூட்டாளி. அவன் ஊர்ல இல்ல.”

“எல்லாவனும் இதத்தாம்டே சொல்லுதான்.”

அவர்களுக்குத் தெரிந்தது அறையும் பேரும்தான். முகம் தெரியாது. கடன் கொடுத்தபோது வசூலுக்கு வந்துகொண்டிருந்தவன் வேலையை விட்டுப் போய்விட்டானாம், இவர்கள் புதிது. நான் நான்தான் என்று காட்ட என்னிடம் ஒன்றுமே இல்லை. வாக்காளர் அட்டை ஊரில் அம்மாவின் டிரங்குப் பெட்டியில் இருந்தது. சாரத்தைக் கட்டிக்கொள்ளவும் ஒரு சட்டையை மாட்டவும் விட்டார்கள். பைக்கில் நடுவில் உட்கார வைத்தார்கள். சுலோச்சன முதலியார் பாலத்தில் போகும்போது கீழே ஆற்றில் ஆட்கள் குளித்துக்கொண்டிருந்தார்கள். கத்தலாம் என்று நினைத்தேன். என்ன சொல்லிக் கத்துவது என்று தெரியவில்லை. ஜங்ஷன் தாண்டி, ஈரடுக்கு மேம்பாலம் ஏறி இறங்கி, டவுனில் ரதவீதிக்குப் பின்னால் ஒரு சந்துக்குள் கொண்டுபோனார்கள்.

உள்ளே இருந்த முதலாளி எனக்கு டீ வாங்கிவரச் சொன்னார். “தம்பி, சாப்ட்டியா?” என்று கேட்டார். அந்த மரியாதைதான் என்னை ரொம்பப் பயமுறுத்தியது. நோட்டைத் திறந்து காட்டினார். வாங்கியது நாற்பதாயிரம். வட்டியோடு சேர்த்து ஒரு லட்சத்துப் பத்தாயிரம் நிற்கிறது. கந்துவட்டியைத் தடுக்க 2003லேயே தமிழ்நாட்டில் சட்டம் வந்துவிட்டது. அந்த அறையில் உட்கார்ந்திருக்கும்போது சட்டமா ஞாபகத்துக்கு வரும்? தொடை நடுங்குவது தெரியாமலிருக்க இரண்டு கையையும் முழங்கால் மேல் அழுத்தி வைத்திருந்தேன்.

கடைசியில் அவரே ஒரு வேலை செய்தார். புரோநோட்டில் இருந்த வீட்டு நம்பருக்குப் போன் போட்டு, ரிசீவரை என் வாயருகே பிடித்து, “பேசு” என்றார். “அம்மா” என்றேன். அந்தப் பக்கம் என் நண்பனின் அம்மா. “இது எம்பிள்ள சத்தம் இல்லையே. யாருய்யா நீ?” என்றார்கள்.

முதலாளி ரிசீவரை வைத்தார். “சரி, போ” என்றார். அவ்வளவுதான். ஜங்ஷன் வரை நடந்தே வந்தேன்.

ஏழெட்டு மாதம் கழித்துத்தான் அந்தப் படத்தைப் பார்த்தேன். 2006இல் வந்த படம், பால் மெக்குய்கன் எடுத்தது. ஸ்லெவினாக வரும் ஜோஷ் ஹார்ட்னெட் நண்பன் வீட்டில் தங்கியிருக்கிறான். வழிப்பறியில் பர்ஸ் போய்விட்டது, கையில் அடையாள அட்டை இல்லை. இடுப்பில் துண்டோடு கதவைத் திறக்கிறான். அவனை அந்த நண்பன் நிக் ஃபிஷர் என்று நினைத்து அப்படியே தூக்கிக்கொண்டு போகிறார்கள். தாதாவாக வரும் மார்கன் ஃப்ரீமன் நிதானமாகப் பேசி 96,000 டாலர் கேட்கிறார். எதிர்க் கட்டடத்தில் அவருடைய எதிரி தாதா பென் கிங்ஸ்லி இன்னொரு கடனைக் கேட்கிறார். எனக்கு வேர்த்துவிட்டது. ஆனால் அந்தப் பையன் பயப்படவே இல்லை. தனக்கு எதற்கும் கவலையே வராத ஒரு நிலை என்று அதற்கு ஒரு பேரும் சொல்கிறான். எப்படி இவனால் முடிகிறது என்று ஆற்றாமையோடு பார்த்துக்கொண்டிருந்தேன்.

அப்புறம் தெரிகிறது, அங்கே யாரும் ஆள் மாறிப் பிடிக்கவில்லை. பிடித்துக்கொண்டு போகட்டும் என்றுதான் அவன் அங்கே வந்து நின்றிருக்கிறான். 1979இல் ஒரு குதிரைப் பந்தயத்தை வைத்துத் தன் அப்பாவையும் அம்மாவையும் கொன்றவர்களின் அறைக்குள், அவர்கள் ஆட்களே தன்னைக் கூட்டிப்போகும்படி செய்திருக்கிறான். எல்லாரும் வலப்பக்கம் பார்க்கும்போது இடப்பக்கம் காரியம் நடக்கிறது. புரூஸ் வில்லிஸ் ஆரம்பத்திலேயே சொல்லிவிடுகிற வித்தைதான்.

அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. என்னிடம் சாவியைக் கொடுத்த அன்று, அவர்கள் வருவார்கள் என்று என் நண்பனுக்குத் தெரியுமா? இத்தனை வருஷமாக அவனிடம் கேட்கவில்லை. உங்களுக்கு நடந்ததைச் சொல்லுங்கள்.


மூணாவது இசக்கிமுத்து எழுதியது:

எங்கள் குடும்பத்தில் தாத்தா பேரைத்தான் பேரனுக்கு வைப்போம். தாத்தாவுக்கு மூன்று மகன்கள், அவர்களுக்கு ஆளுக்கொரு மகன், அந்த மூன்று பேரும் இசக்கிமுத்து. இனிஷியல்தான் வித்தியாசம். அதிலும் பெரியப்பா பேரும் என் அப்பா பேரும் ஒரே எழுத்தில் தொடங்கும். பெரியப்பா மகன் ஒரு டிராக்டர் கடனுக்கு ஜாமீன் போட்டிருந்தான். நோட்டீஸ் என் பேருக்கு, என் தெருவுக்கு வந்தது. மூன்று முறை அலுவலகத்துக்கு அலைந்தேன். “ஊருக்குள்ள உங்களுக்கு என்ன பேரு?” என்று கேட்டார் அங்கிருந்தவர். “கட்டையன் மவன்” என்றேன். அதை எழுத அந்தப் படிவத்தில் இடமே இல்லை. அந்த நோட்டீசால் என் தங்கை கல்யாணம் இரண்டு மாதம் தள்ளிப்போனது. இன்றைக்கு நினைத்தாலும் கோபம் வருகிறது.


ஆழ்வார்குறிச்சிக்காரி எழுதியது:

தாமிரபரணிக்கரை தம்பி, நீங்கள் சொல்லும் படத்தை என் மகன் போட்டுக் காட்டினான். பாதியிலேயே “இவன்தான் பழிவாங்க வந்தவன்” என்று சொல்லிவிட்டேன். எப்படிம்மா கண்டுபிடிச்சே என்று கேட்டான். நான் கண்டுபிடிக்கவில்லை. அது எனக்கு எட்டு வயதிலிருந்து தெரிந்த கதை.

எங்கள் ஊர்ப் பக்கம் இசக்கியம்மன் கோயில் கொடைவிழாவில் வில்லுப்பாட்டு நடக்கும்போது ஆச்சி என்னை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். வில்லில் கட்டிய மணிகள் குலுங்க வீசுகோலால் அடித்துப் பாடுவார் அண்ணாவி. பக்கத்தில் உடுக்கும் குடமும். ஒவ்வொரு வரிக்கும் பக்கப்பாட்டுக்காரர் “ஆமா” போடுவார். நடுச்சாமத்தில் நீலி கதை வரும். நகைக்காக ஒருத்தியைக் கள்ளிச்செடியடியில் தூங்க வைத்துக் கல்லைப் போட்டுக் கொன்றவன், மறுபிறவியில் செட்டியாகப் பிறந்து வியாபாரத்துக்குப் போகிறான். செத்தவள் நீலியாக வருகிறாள். கள்ளிக்கொம்பை ஒடித்துப் பிள்ளையாக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, “இவர் என் புருஷன், என்னையும் பிள்ளையையும் விட்டுவிட்டு ஓடுகிறார்” என்று ஊர்ச்சபையில் வந்து நிற்கிறாள். “இவள் என் பெண்டாட்டி இல்லை, பேய்” என்று கதறுகிறான் அவன். யார் நம்புவார்கள்? அந்தப் பிள்ளை “அப்பா” என்று அவன் மடியில் போய் ஏறிக்கொள்கிறது. ஊர்ப் பெரியவர்கள் எழுபது பேர் அவன் உயிருக்குத் தங்கள் உயிரைப் பிணை சொல்லி, இருவரையும் ஒரே அறையில் விட்டுக் கதவைச் சாத்துகிறார்கள். அவன் கையில் காவலுக்கு வைத்திருந்த கத்தியையும் அவள் சொன்னாளென்று வாங்கிவிடுகிறார்கள்.

அந்த இடம் வந்ததும் ஆச்சி என் காதைப் பொத்துவாள். பொத்தினாலும் கேட்கும்.

நான் இல்லை என்று சொல்லிச் சொல்லி நம்ப ஆளில்லாமல் போவதுதான் அந்தக் கதையில் என்னை உலுக்குவது. படத்தில் ஸ்லெவின், தான் நிக் ஃபிஷர் இல்லை என்று உண்மையைத்தான் சொல்கிறான். யாரும் நம்பமாட்டார்கள் என்பதையே ஆயுதமாக வைத்துக்கொள்கிறான். நீலிக்கும் அதுதான் ஆயுதம், ஆனால் சபையில் உண்மை சொல்கிறவன் செட்டி. இரண்டையும் அடுத்தடுத்து யோசித்துப் பாருங்கள், அன்று டீ வாங்கிக் கொடுத்த முதலாளி உங்களை ஏன் நம்பவில்லை என்பதும் புரியும்.


சுவரும் வண்ணமும் எழுதியது:

நான் பாளையிலும் டவுனிலும் வீடுகளுக்கு வால்பேப்பர் ஒட்டும் வேலை பார்க்கிறேன். கதையை விட்டுவிட்டுச் சுவர்களுக்காகவே அந்தப் படத்தை மூன்று முறை பார்த்தேன். அறைக்கு அறை கட்டம், வட்டம், பூ, கண்ணை இழுக்கிற வேலைப்பாடு. சுவரில் வேலைப்பாடு அதிகமானால் முன்னால் நிற்கிற ஆள் மேல் கண் நிற்காது. எங்கள் தொழிலில் அதைக் குறை என்போம். ஒருவன் யார் என்பதே மறைந்திருக்கிற கதைக்கு அந்தக் குறையே பொருந்திவிட்டது என்று நினைக்கிறேன். அப்புறம், எதிரெதிர் மாடியில் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு வெளியே இறங்கப் பயந்து கிடக்கும் அந்த இரண்டு கிழவர்கள். அப்படிப்பட்ட இரண்டு வீடுகளுக்கு ஒரே தெருவில் நான் வேலை செய்திருக்கிறேன். இந்த வீட்டில் என்ன டிசைன் என்று அந்த வீட்டில் கேட்பார்கள். சொல்ல மாட்டேன்.


நாங்குநேரிப் பக்கம் எழுதியது:

எல்லாரும் படத்தை ரசித்துப் பேசுகிறீர்கள். எனக்கு அந்த மாதிரிப் படங்களைக் கடைசிவரை பார்க்க முடியாது. காரணம் சொல்கிறேன்.

என் தாய்மாமா ஒருநாள் பக்கத்து வீட்டுக்காரர் பைக்கை இரவல் வாங்கிக்கொண்டு உரம் வாங்கப் போனார். வெள்ளைச் சட்டை, தலையில் துண்டு. அந்த பைக்குக்காரர் குடும்பத்துக்கும் இன்னொரு குடும்பத்துக்கும் பழைய பகை. குளத்தங்கரை வளைவில் மூன்று பேர் அரிவாளோடு நின்றிருக்கிறார்கள். முதல் வெட்டு வலது கையில். இரண்டாவது தோளில். துண்டு அவிழ்ந்து முகம் தெரிந்ததும் ஒருவன், “ஏலே, ஆள் மாறிப் போச்சுலே” என்று கத்தினானாம். மூன்று பேரும் ஓடிவிட்டார்கள். பாளை ஹைகிரவுண்டு ஆஸ்பத்திரியில் மாமாவைக் காப்பாற்றிவிட்டார்கள். மூன்று விரல் இன்றுவரை மடங்காது. சோற்றைப் பிசைய அத்தைதான் உதவி.

வலியைவிட அந்தக் குரலைத்தான் மாமா அடிக்கடி சொல்வார். “அவன் கவலப்பட்டுதாம்ல சொன்னான். ஆனா எனக்காவ இல்ல.”

படத்தில் அப்பாக்கள் செய்த கொலைக்காக அவர்களுடைய இரண்டு மகன்களையும் கொன்றுவிடுகிறார்கள். 1979இல் நடந்ததில் அந்த மகன்களுக்கு என்ன பங்கு? அதைப் பற்றி இங்கே ஒருவர்கூட எழுதவில்லை. ஆழ்வார்குறிச்சி அக்கா சொன்ன கதையிலும் செட்டி செத்ததும் பிணை சொன்ன எழுபது பேர் தீக்குளிக்கிறார்கள். அவர்கள் யாரையும் கொல்லவில்லை, வாக்குக் கொடுத்தார்கள், அவ்வளவுதான்.


ஆழ்வார்குறிச்சிக்காரி எழுதியது:

தம்பி, சரியாகக் கேட்டீர்கள். எழுபதாவது ஆள் தீயில் இறங்கும் இடத்தில் அண்ணாவி வில்லை அடிக்க மாட்டார். குடமும் உடுக்கும் நின்றுவிடும். வெறும் குரலில்தான் பாடுவார். ஏன் அப்படி என்று சின்ன வயதில் நான் கேட்டதே இல்லை. உங்கள் மாமாவை விசாரித்ததாகச் சொல்லுங்கள்.


தாமிரபரணிக்கரை எழுதியது:

எல்லாருக்கும் நன்றி. நாங்குநேரி நண்பர் எழுதியதைப் படித்த பிறகு சும்மா இருக்க முடியவில்லை. நேற்று இரவு என் நண்பனுக்குப் போன் செய்தேன். அவன் இப்போது கோயம்புத்தூரில் இருக்கிறான். சுற்றி வளைக்காமல் கேட்டேன். “அவனுவ வருவானுவன்னு ஒனக்குத் தெரியுமாலே?”

ரொம்ப நேரம் பேச்சில்லை.

“தெரியும்ல” என்றான். “ஒன்னயப் பாத்தா ஆள் இல்லன்னு திரும்பிருவானுவன்னு நெனச்சேன். கூட்டிட்டுப் போவானுவன்னு நெனைக்கல.”

திட்ட வேண்டும் என்று பதினைந்து வருஷமாகச் சேர்த்து வைத்திருந்த வார்த்தை எதுவும் வாயில் வரவில்லை. “அம்மா எப்படி இருக்காங்க?” என்று கேட்டேன்.

“இருக்காங்க. கண்ணுதான் சரியாத் தெரியல” என்றான். “அன்னைக்குப் போன்ல பேசின பையன் வீடு போய்ச் சேந்தானான்னு இப்பவும் கேப்பாங்க. நான் பதில் சொன்னதே இல்லலே.”

போனை அம்மாவிடம் கொடுக்கச் சொன்னேன். “அம்மா” என்றேன். “யாருய்யா?” என்றார்கள். இந்த முறை என் பேரைச் சொன்னேன்.