பவர் விண்டோ மோட்டார், இரண்டு ரிலே: சுவிட்சை அழுத்தினாலே ஃபியூஸ் போகிறது

சுருள்வயர்:
வணக்கம். காரின் கண்ணாடி மோட்டாரை இரண்டு பக்கமும் ஓடவைக்க இரண்டு ஐந்து பின் ரிலேக்களை (சுவிட்சின் சிறு கரன்டால் பெரிய கரன்டை இணைப்பவை) போட்டிருக்கிறேன். ஒவ்வொரு ரிலேயிலும் 30 என்ற எண்ணுள்ள பின் மோட்டாரின் ஒரு வயருக்குப் போகிறது. 87-க்கு ஃபியூஸ் வழியாக 12 வோல்ட். நடுப் பின் பாடி எர்த்தில். ஏற்ற அழுத்தினாலும் இறக்க அழுத்தினாலும் 20 ஆம்பியர் ஃபியூஸ் உடனே போய்விடுகிறது. 30 ஆம்பியர் போட்டுப் பார்க்கலாமா?

நெம்புகோல்:
மோட்டார் ஜாம் ஆகியிருக்கலாம். ஓடாமல் நிற்கும் மோட்டார் பல மடங்கு கரன்ட் இழுக்கும். அதைக் கழற்றிவிட்டு அழுத்திப் பாருங்கள்.

சுருள்வயர்:
பார்த்தேன். மோட்டார் இல்லாமலும் போகிறது.

மின்மினி:
பெரிய ஃபியூஸ் வேண்டவே வேண்டாம், அப்புறம் எரிவது வயர்தான். மோட்டாரே இல்லாமல் போகிறதென்றால் ஷார்ட் ரிலே பக்கம் இருக்கிறது. ரிலேயின் அடியில் பாருங்கள்: நடுப் பின்னில் 87ஏ என்று இருக்கிறதா, வெறும் 87-ஆ?

ஐந்து பின் ரிலேயில் இரண்டு வகை உண்டு, பார்க்க ஒரே மாதிரி இருக்கும். 87ஏ வகையில் காயிலுக்கு (ரிலேயை இயக்கும் உள்சுருளுக்கு) கரன்ட் இல்லாதபோது 30 நடுப் பின்னோடு சேர்ந்திருக்கும். கரன்ட் வந்ததும் அதை விட்டு 87-க்கு மாறும். இரட்டை 87 வகையில் காயில் இழுத்ததும் 30 இரண்டு 87-ஓடும் ஒன்றாகச் சேரும். உங்கள் வயரிங்கில் அவற்றில் ஒன்று பாசிட்டிவ், மற்றது எர்த். ரிலேயைத் தனியே எடுத்து, 30-க்கும் நடுப் பின்னுக்கும் மல்டிமீட்டரில் கண்டினியூட்டி, அதாவது இணைப்பு இருக்கிறதா என்று பாருங்கள். பீப் வந்தால்தான் உங்களுக்கு வேண்டிய ரிலே.

சுருள்வயர்:
இரண்டிலும் நடுவில் 87 என்றுதான் இருக்கிறது, பீப்பும் இல்லை. 87ஏ ரிலே மாற்றினேன், கண்ணாடி ஏறி இறங்குகிறது! மிக்க நன்றி. ஆனால் சுவிட்சை விட்டதும் டக்கென்று நின்றுவிடுகிறது, அது சரியா?

மின்மினி:
சரிதான். ஓய்வில் மோட்டாரின் இரு வயரும் எர்த்தில் சேர்ந்திருப்பதால், சுழலும் மோட்டார் ஜெனரேட்டராகி அதுவே பிரேக் பிடிக்கிறது.

இன்னொன்று, ஒவ்வொரு காயிலுக்கும் குறுக்கே ஒரு 1என்4007 டையோடு (கரன்டை ஒரு திசையில் மட்டும் விடுவது) போடுங்கள், கோடு உள்ள முனை பாசிட்டிவ் பக்கம். காயில் அணையும்போது எழும் வோல்டேஜ் சுவிட்சின் காண்டாக்டைத் தின்றுவிடும். ரிலேக்குள்ளேயே டையோடு இருந்தால் ரிலேயின் மேல் அச்சிட்டுள்ள படத்தைப் பார்த்து, காயிலின் பின்களான 85, 86-ல் எது பாசிட்டிவ் என்று உறுதிசெய்த பிறகே இணையுங்கள். திருப்பிப் போட்டால் அதுவும் ஷார்ட்.

சுருள்வயர்:
படத்தில் டையோடு இல்லை. வெளியே போட்டுவிடுகிறேன்.