ஊருணி வரத்துக்காலில் கழிவுநீர்: கிணற்றைப் புழங்கலாமா?

கேள்வி: வடகரைவாசி

காரைக்குடிக்கும் தேவகோட்டைக்கும் இடைப்பட்ட ஒரு சிற்றூரில் வசிக்கிறேன். எங்கள் ஊருணியில் இப்போது யாரும் குடம் முக்குவதில்லை என்றாலும், அதன் வடகரையில் உள்ள பொதுக்கிணறு ஊருணியின் ஊற்றை நம்பியே இருக்கிறது. கூட்டுக் குடிநீர் வராத நாட்களில் குடிக்கவும் சமைக்கவும் எங்களுக்கு அந்தக் கிணறுதான்.

ஊரில் பாதி வீடுகள் பூட்டிக் கிடப்பவை. கல்யாணம், அறுபது, படைப்பு என்று திறக்கும்போது சில நாட்களுக்குள் நூற்றுக்கணக்கானோர் புழங்குவதால் பழைய கழிவுநீர்த் தொட்டிகள் நிரம்பிவிடுகின்றன. அண்மையில் இரவு நேரத்தில் வந்த உறிஞ்சு லாரி ஒன்று, எடுத்த கழிவை ஊருணிக்கு மழைநீர் கொண்டுவரும் வரத்துக்காலிலேயே திறந்துவிட்டுப் போய்விட்டது. மறுநாள் பார்த்தபோது செம்புராங்கல் சுவரில் முழ உயரத்துக்குக் கரும்படிவமும், கம்பித் தடுப்பில் சிக்கிய நாப்கின்களும் இருந்தன. உரிய அலுவலகத்தில் வாய்மொழியாகச் சொன்னோம். கரை நெடுகப் பிளீச்சிங் பவுடரைத் தூவிவிட்டுச் சென்றார்கள். கிணற்று நீர் பார்ப்பதற்குத் தெளிவாகவே இருக்கிறது. கைக்குழந்தைகள் உள்ள வீடுகள் இருப்பதால் கேட்கிறேன்: எதைப் பரிசோதிக்க வேண்டும், யாரிடம் முறையிட வேண்டும்?

பதில்: ஓய்வுபெற்ற ஆய்வகர்

ஐயா, தெளிவை வைத்து முடிவு செய்ய வேண்டாம். மலக்கழிவு கலந்ததா என்பதை அறிய மூன்று பரிசோதனைகள் முதன்மையானவை: ஈ.கோலி (மலத்தில் இருக்கும் குடல் பாக்டீரியா), நைட்ரேட், குளோரைடு. இந்தியத் தர நிர்ணயத்தின் ஐ.எஸ். 10500 : 2012 படி, 100 மில்லிலிட்டர் குடிநீரில் ஈ.கோலி அறவே இருக்கக் கூடாது. நைட்ரேட் லிட்டருக்கு 45 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது, அதில் தளர்வும் கிடையாது. குளோரைடு மட்டும் கூடியிருந்தால் அது மண்ணின் இயல்பான உப்பாக இருக்கலாம். நைட்ரேட்டும் சேர்ந்து கூடியிருந்தால் கழிவைச் சந்தேகிக்க வேண்டும். ஆகவே ஊருணியிலிருந்து விலகி, மேட்டுப் பக்கம் உள்ள ஒரு கிணற்றின் நீரையும் உடன் கொடுத்து ஒப்பிடுங்கள். கிருமிப் பரிசோதனைக்கான நீரை ஆய்வகம் தரும் கிருமிநீக்கிய பாட்டிலில் பிடித்து, பனிக்கட்டிப் பெட்டியில் வைத்து, இயன்றால் ஆறு மணி நேரத்துக்குள் சேர்ப்பித்துவிடுங்கள்.

எல்லோரும் டி.டி.எஸ். எவ்வளவு என்றே கேட்கிறார்கள். அது கரைந்துள்ள உப்புகளின் மொத்த அளவை மட்டுமே சொல்லும், டி.டி.எஸ். 300 காட்டும் நீரிலும் மலக்கிருமி இருக்க முடியும்.

முடிவு வரும் வரை கொதிக்க வைத்துக் குடிப்பது கிருமிக்குப் போதும். ஆனால் கொதிக்க வைப்பதால் நைட்ரேட் போகாது. நீர் வற்றும் அளவுக்கு அதன் செறிவு கூடவே செய்யும். ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு அந்த நீரில் பால் மாவு கரைத்துக் கொடுத்தால், இரத்தம் ஆக்சிஜனைச் சுமக்கும் திறன் குறைந்து உடல் நீலம் பாரிக்கும் அபாயம் உண்டு. எனவே அந்த வீடுகளுக்கு மட்டுமாவது வேறு நீருக்கு இப்போதே ஏற்பாடு செய்யுங்கள்.

கரையில் தூவிய பவுடரால் கிணற்றுக்குப் பயன் இல்லை. கிணற்றிலுள்ள நீரின் கொள்ளளவைக் கணக்கிட்டு, 1000 லிட்டருக்குச் சுமார் 2.5 கிராம் வீதம் வீரியம் குறையாத பவுடரை வாளியில் கரைத்து, அடியில் சுண்ணாம்பு தங்கியபின் தெளிந்த கரைசலை மட்டும் கிணற்று நீரில் கலக்க வேண்டும். ஒரு மணி நேரம் கழித்து மிஞ்சியிருக்கும் குளோரினை அளந்து பாருங்கள், லிட்டருக்கு 0.2 மில்லிகிராமாவது இருக்க வேண்டும். இது தற்காலிக ஏற்பாடுதான். மீண்டும் ஒரு லாரி வந்தால் பழைய நிலைதான்.

பதில்: கண்மாய்க்கரை

ஊர் நிதியில் ஓர் ஆர்.ஓ. (சவ்வு வழியே நீரைச் சுத்திகரிக்கும்) நிலையம் அமைத்துவிட்டால் இந்தக் கவலையே இல்லையே?

பதில்: கோட்டையூர் கொத்தனார் மகன்

அண்ணன், ஆர்.ஓ. குடத்தில் பிடிக்கும் நீரைச் சுத்தமாக்கும், ஊற்றைச் சுத்தமாக்காது. பிரித்தெடுத்த உப்பையும் கழிவையும் சுமந்து வெளியேறும் நீரை மீண்டும் அதே வரத்துக்காலில்தான் விடப் போகிறோம்.

நம் ஊர்களின் அமைப்பைப் பாருங்கள். ஓட்டுக் கூரையில் விழும் மழை நடுமுற்றமான வளவுக்குள் இறங்கி, அங்கிருந்து வீதியோர வாய்க்காலுக்குச் சென்று, வாய்க்கால் வழியே ஊருணிக்குப் போய்ச் சேரும்படிதான் வீடுகளும் தெருக்களும் மட்டம் பார்த்துக் கட்டப்பட்டன. மழைநீருக்கென்று வெட்டிய அந்த வாய்க்காலில் பிற்காலத்தில் குளியலறை நீரையும், தொட்டி நிரம்பி வழிவதையும் நாமே திருப்பிவிட்டோம். லாரிக்காரர் செய்தது குற்றம்தான். ஆனால் அவர் வராத நாட்களிலும் ஊருணிக்குள் என்ன போகிறது என்று வீடு வீடாகப் பார்க்க வேண்டும். செம்புராங்கல் நுண்துளைகள் நிறைந்தது என்பதால், அடித்தளம் இல்லாத பழைய தொட்டிகளின் கழிவு எளிதில் கசியும். உறிஞ்சுகுழிக்கும் கிணற்றுக்கும் இடையே 15 மீட்டராவது இருக்க வேண்டும் என்பார்கள். நம் நிலத்துக்கு அதைவிடக் கூடுதலாக விடுவதே நல்லது.

இன்னொன்று: ஊருணியைத் தூர்வாருகிறோம் என்று பொக்லைனை இறக்கி ஆழமாகத் தோண்டிவிடாதீர்கள். அடியில் உள்ள களிமண் படிவு போய்விட்டால் தண்ணீர் நிற்காது. கழிவும் வடிகட்டப்படாமல் இறங்கும். மேல் சகதியை மட்டும் வழித்தால் போதும்.

பதில்: ஊராட்சி உறுப்பினர்

வாய்மொழிப் புகார் கோப்பில் ஏறாது. லாரியின் பதிவெண், நேரம், படம் ஆகியவற்றுடன் ஊராட்சித் தலைவர், வட்டார வளர்ச்சி அலுவலர், மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் மாவட்ட அலுவலகம், மாவட்ட ஆட்சியர் ஆகிய நால்வருக்கும் எழுத்து மூலம் கொடுத்து ஒப்புகை வாங்குங்கள். கிணற்றிலோ நீரோட்டத்திலோ மாசுப்பொருளை விடுவதை 1974-ஆம் ஆண்டு நீர் மாசுத் தடுப்புச் சட்டத்தின் 24-ஆம் பிரிவு தடை செய்கிறது. அதை மனுவில் குறிப்பிடுங்கள்.

அடுத்து வரும் கிராம சபையில் தீர்மானம் கொண்டு வாருங்கள். 2022 முதல் மார்ச் 22 உலகத் தண்ணீர் நாளிலும் நவம்பர் 1 உள்ளாட்சி நாளிலும் சபை கூடுவதால் நீண்ட நாள் காத்திருக்க வேண்டியிருக்காது. விசேஷத்துக்கு வீட்டைத் திறப்பவர்களே உரிமம் பெற்ற லாரியை அமர்த்தி, கழிவைச் சுத்திகரிப்பு நிலையத்தில் இறக்கியதற்கான சீட்டைக் காட்ட வேண்டும் என்று தீர்மானத்தில் சேர்க்கலாம். அவர்கள் வெளியூரில் இருந்தாலும் ஊர் மீது பற்று உள்ளவர்கள்தாம். கோயில் வரி கேட்கும் அதே கூட்டத்தில் இதையும் கேட்டால் மறுக்க மாட்டார்கள். எந்தச் சூழ்நிலையிலும் ஆளைத் தொட்டிக்குள் இறக்கக் கூடாது. பாதுகாப்புக் கருவிகள் இன்றி இறக்குவது, கையால் மலம் அள்ளுவதைத் தடை செய்யும் 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம்.

பதில்: வடகரைவாசி

அனைவருக்கும் நன்றி. கைக்குழந்தை உள்ள வீடுகளுக்கு இன்று முதல் டிராக்டரில் நீர் தர ஏற்பாடு செய்துவிட்டோம். பரிசோதனை நீரை மழைக்கு முன் எடுப்பதா, பின் எடுப்பதா?

பதில்: ஓய்வுபெற்ற ஆய்வகர்

இரண்டு முறையும் எடுங்கள், ஐயா. இப்போது ஒன்று, ஐப்பசியில் வரத்துக்கால் ஓடத் தொடங்கியதும் ஒன்று. வாய்க்காலில் படிந்து கிடப்பது கிணற்றுக்கு வருகிறதா என்பதை இரண்டாவதுதான் காட்டும். பாட்டில் மீது இடம், நாள், நேரம் எழுத மறக்க வேண்டாம்.